படகுக்கு அடியில் ஒரு நாய்

காலை பதினொன்றேகால் மணிக்கு முதலை நாயைத் தின்றது.

"போச்சு மாமா," என்றான் மச்சான்.

அவன், கம்ப்யூட்டர் கேம் செய்கிற கேம்காரரின் மனைவிக்குத் தம்பி. படம் வரைகிறவன். அக்கா தன் கிளினிக்கிலிருந்து கழித்துப் போட்ட பல் வைத்திய நாற்காலியில் சாய்ந்து படுத்து, மடியில் பலகையை வைத்துக்கொண்டு வரைவான். வேறு நாற்காலியில் அவனுக்குக் கை ஓடாது.

கேம்காரர் எழுந்து வந்து அவன் திரையைப் பார்த்தார். ஆற்றில் நாயின் சிவப்புக் கழுத்துப்பட்டை மட்டும் மிதந்துகொண்டிருந்தது.

"நாயை யாருடா தின்னச் சொன்னா?"

"நீங்கதான். தண்ணியில இருக்கறவங்களைப் பிடின்னு முதலைக்கு எழுதி வெச்சிருக்கீங்க."

"நான் ஆளுங்களைச் சொன்னேன்."

"அதுக்கு எப்படித் தெரியும்? நாயும் தண்ணியிலதான இருக்கு."

"பட்டையை மட்டும் ஏன் விட்டுச்சு?"

"ஒத்துக்காதுன்னு விட்டிருக்கும்."

அன்று செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை கேம் வெளிவர வேண்டும்.

கேமின் பெயர் 'அக்கரை'. ஓர் ஆறு, ஒரு படகு, ஓர் ஓடக்காரர். ஆட்களை ஏற்றி எதிர்க்கரையில் இறக்க வேண்டும். அவ்வளவுதான். செய்யப்போகும் பொருளுக்கு முன்கூட்டியே ஜனங்களிடம் பணம் திரட்டித் தரும் இணையதளம் ஒன்றில் கேம்காரர் இதை விவரித்திருந்தார். கேம் எப்போது வரும் என்று ஒரு கட்டம் இருந்தது. அதைக் காலியாக விட்டால் பக்கம் நகரவில்லை. ஒரு தேதியைப் போட்டார். அவருக்குப் பிடித்த மாதம் அது.

ஜனங்கள் நம்பினார்கள். பணம் சேர்ந்தது. பார்க்கிங் சீட்டு இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதும் வேலையை அவர் விட்டார். முன் அறை அலுவலகமாயிற்று.

தேதி வந்தபோது படகு இன்னும் மிதக்கவில்லை. கேம்காரர் உட்கார்ந்து ஒரு மன்னிப்பு எழுதினார். எழுதி முடித்துப் பார்த்தால் என்னவோ குறைந்தது. ஆஸ்பத்திரிக்கு வெறுங்கையோடு போய் நிற்பது போல இருந்தது. கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: "உங்கள் பொறுமைக்கு நன்றியாக, 'அக்கரை'யில் இனி மழையும் பெய்யும்."

மழை வருவதற்கு ஒரு வருஷம் ஆயிற்று. மழை வந்ததும் கரையோரம் நின்ற படகில் இருந்தவர்களுக்குக் குடை தேவைப்பட்டது. குடை பக்கத்தில் இருந்தவரை இடித்து ஆற்றில் தள்ளியது. இரண்டாவது தேதி போயிற்று. இரண்டாவது மன்னிப்பில் ஒரு நாய் கொடுத்தார். நாய் தண்ணீரில் விழுந்து மூழ்கியது. பார்க்கச் சகிக்கவில்லை. அதற்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தார். அவர் எழுதியிருந்த கணக்கில் நாயும் மனிதரும் ஒரே இனம். எல்லோருக்கும் நீச்சல் வந்துவிட்டது. பயணிகள் கரையிலிருந்து நேராகக் குதித்து எதிர்க்கரைக்கு நீந்திப் போனார்கள். ஓடக்காரர் துடுப்பைப் பிடித்துக்கொண்டு காலிப் படகில் உட்கார்ந்திருந்தார்.

அவர்களைப் பயமுறுத்தத்தான் மூன்றாவது மன்னிப்பில் முதலை வந்தது.

மன்னிப்புகள் ஒவ்வொன்றும் நன்றாக அமைந்தன. அவற்றை மட்டும் அவர் ஒருபோதும் தாமதித்ததில்லை.

"சரி, நாயை மட்டும் தின்னாதேன்னு எழுதிடறேன்," என்றார் கேம்காரர்.

எழுதினார். முதலை நாயை நெருங்கியது, முகர்ந்தது, விலகியது. நாய் அதன் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"அழகா இருக்கு மாமா."

"அழகாத்தான் இருக்கு."

இருவரும் சற்று நேரம் ரசித்தார்கள். கரையில் நின்ற பயணி ஒருவரும் ரசித்தார். பிறகு அவர் தண்ணீரில் இறங்கி முதலையின் முதுகில் ஏறினார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். குடையோடு ஒரு பெண். முதலை எல்லோரையும் எதிர்க்கரையில் பத்திரமாக இறக்கிவிட்டுத் திரும்பி வந்தது.

"இப்ப முதலைதான் ஓடம் ஓட்டுது," என்றான் மச்சான்.

"வாயை மூடு."

"நாய் மேல உள்ள மரியாதையை எல்லாருக்கும் குடுத்துடுச்சு. ஒரே இனம்ல."

கேம்காரர் முதலையை மெதுவாகப் போகச் செய்தார். பயணிகள் அவசரப்படவில்லை. முதலைக்குக் கட்டணம் வைத்தார். கொடுத்தார்கள். மச்சானின் யோசனைப்படி முதலைக்குப் பல்வலி வரவழைத்தார். அது வாயைத் திறந்து ஆற்றின் நடுவே அசையாமல் நின்றது. பயணிகள் அதைப் பாலமாக வைத்து நடந்தார்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு மனைவி வந்தாள். பல் டாக்டர். ஒரு பல்லை எடுப்பதற்கும் அடுத்த பல்லை எடுப்பதற்கும் நடுவில் சாப்பிட்டுவிட்டுப் போகிறவள். கைப்பையை வைக்காமலே தம்பியின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"இதென்னடா, முதலைக்குக் கடவாப்பல் வரைஞ்சு வெச்சிருக்க?"

"ஏன், இருக்காதா?"

"எல்லாமே கூர்ப்பல்லாத்தான் இருக்கும். இது நம்ம பெரியப்பா வாய் மாதிரி இருக்கு."

"உன் கிளினிக் சுவத்துல மாட்டியிருக்கற படத்தைப் பார்த்துதான்க்கா வரைஞ்சேன்."

"அது மனுஷ வாய்டா."

"ஒரே இனம்தான்."

கேம்காரர் அவனை முறைத்தார். மனைவி இப்போது அவர் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க, வெள்ளிக்கிழமை வந்துடுமா?"

"கிட்டத்தட்ட."

"கிட்டத்தட்டன்னு ஒரு கிழமை இல்ல. போன தடவையே சொன்னேன். இந்தத் தேதியும் போச்சுன்னா திங்கட்கிழமை நீங்க பழைய ஆபீஸுக்குப் போறீங்க. உங்க மேனேஜர்கிட்ட பேசிட்டேன்."

"எப்ப?"

"நேத்து பல் அடைக்க வந்தார். கேட்டேன். தலையாட்டினார்."

"வாயில பஞ்சை வெச்சுட்டுக் கேட்டா யாரும் தலையாட்டத்தான் செய்வாங்க."

"ரெண்டு தடவை ஆட்டினார்."

கேம்காரர் பத்து வருஷம் அந்த அலுவலகத்தில் இருந்திருக்கிறார். பார்க்கிங் இயந்திரத்தின் சின்னத் திரையில் 'நன்றி, மீண்டும் வருக' என்ற எழுத்துகளை இடமிருந்து வலமாக ஓடவிட்டார். பிறகு மேலிடத்தில் யோசித்து வலமிருந்து இடமாக ஓடவிடச் சொன்னார்கள். ஓடவிட்டார். அங்கே திரும்பிப் போவதைவிட முதலை வாய்க்குள் போகலாம்.

"அதான், வெள்ளிக்கிழமைக்குள்ள என்ன பண்ணணுமோ பண்ணுங்க," என்றாள் மனைவி.

"பண்ணிட்டுத்தான் இருக்கேன். முதலையைச் சரிபண்ணா நாய் கெட்டுப்போகுது. நாயைச் சரிபண்ணா ஆளுங்க நீந்தறாங்க."

"முதல்ல என்ன தர்றேன்னு சொன்னீங்க?"

"ஒரு ஆறு, ஒரு படகு, ஒரு ஓடக்காரர்."

"அதைக் குடுங்க. மத்ததை எல்லாம் பிடுங்கிப் போடுங்க."

"பிடுங்கறதா? பணம் போட்டவங்க சும்மா விடுவாங்களா? மழை வரும்னு இருக்காங்க. நாய் வரும்னு இருக்காங்க."

"அவங்க நாய் கேட்டாங்களா?"

கேம்காரர் யோசித்தார். யாரும் கேட்டதாக நினைவில்லை.

"பணம் போட்டவங்கள்ல பொறுமைசாலிங்கற பேர்ல எழுதறவன் ஒருத்தன் இருக்கான்," என்றார். "உனக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் முதல் ஆளா வந்து திட்டுவான். 'இதெல்லாம் ஒரு பிழைப்பா'ன்னு கேட்டிருக்கான். 'கண்ணாடியில எப்படி முகம் பாக்கறீங்க'ன்னு கேட்டிருக்கான். அவனைப் பார்த்து மத்தவங்களும் ஆரம்பிப்பாங்க. நாயையும் காணோம்னா அவன் வீட்டுக்கே வந்துடுவான்."

"வரட்டும். பல் எப்படி இருக்குன்னு பாக்கறேன்."

அவள் சாப்பிட்டுவிட்டுப் போனாள். பிற்பகல் முழுவதும் கேம்காரர் பிடுங்கினார். முதலையை முதலில் எடுத்தார். மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒவ்வொரு செதிலாக வரைந்தவன். பிறகு மழை. பிறகு குடைகள். கடைசியில் நாய்.

நாயை எடுத்ததும் படகு மூழ்கியது.

"என்ன மாமா?"

"தெரியல."

புதன்கிழமை முழுவதும் தேடினார். வியாழன் காலையில் தெரிந்தது. படகு ஒருநாளும் தானாக மிதந்ததே இல்லை. நாய்க்கு நீச்சல் எழுதியபோது, அதையே படகுக்கும் சேர்த்து எழுதிவிட்டிருந்தார். இத்தனை நாளும் படகை மிதக்கவைத்தது நாய். நாய் இல்லையென்றால் படகுக்கு நீச்சல் தெரியாது.

"நாயைத் திரும்பப் போட்டுடலாமே," என்றான் மச்சான்.

"போட்டா ஆளுங்க அதைப் பார்த்து நீந்த ஆரம்பிச்சுடுவாங்க."

"பாத்தாத்தான? படகுக்கு அடியில வெச்சிடுங்க. கண்ணுக்குத் தெரியாம."

கேம்காரர் போய் நாயைத் திரும்பக் கொண்டுவந்தார். உருவத்தை அழித்தார். படகுக்கு அடியில் விட்டார். படகு மிதந்தது. ஆற்றின் நடுவில் ஒருமுறை குரைத்தது. குரலையும் எடுத்தார்.

வெள்ளிக்கிழமை பகல் மூன்று மணிக்கு 'அக்கரை' வெளிவந்தது. ஓர் ஆறு, ஒரு படகு, ஓர் ஓடக்காரர். மழை, நாய், முதலை ஆகியவை இல்லை என்பதை மறைக்காமல் ஒரே வரியில் சொல்லியிருந்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் மறுபடி ஏதாவது கொடுக்கத் தோன்றும் என்று மனைவி தடுத்துவிட்டாள்.

திட்டு வரும் என்று கேம்காரர் திரை முன்னால் உட்கார்ந்திருந்தார். வரவில்லை. பாராட்டு வரும் என்று உட்கார்ந்திருந்தார். அதுவும் வரவில்லை. பொறுமைசாலிகூட ஒரு சொல் எழுதவில்லை.

"எல்லாரும் விளையாடிட்டிருப்பாங்க," என்றாள் மனைவி. "நல்லா இருந்தா யாருக்குப் பேச நேரம்?"

அது அவருக்குப் பிடித்திருந்தது. சனிக்கிழமை மேனேஜரைக் கூப்பிட்டு, தான் வரவில்லை என்று அவரே சொன்னார். மேனேஜர் எங்கே வருவதாக இருந்தது என்று கேட்டார்.

ஞாயிறு பிற்பகல் வாசலில் மணி அடித்தது. கேம்காரர் கதவைத் திறந்தார். ஒல்லியாக ஒருவர் ஹெல்மெட்டை இரண்டு கைகளாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டை இஸ்திரி போட்டிருந்தது. செருப்பை ஏற்கெனவே கழற்றியிருந்தார்.

"கேம் சார் வீடுதானே?"

"ஆமா. நீங்க?"

"பொறுமைசாலின்னு எழுதுவேன் சார்."

கேம்காரர் ஓரடி பின்வாங்கினார். உள்ளே பல் வைத்திய நாற்காலி கிறீச்சிட்டது. மச்சான் எழுந்துவிட்டான். மனைவி சமையலறையிலிருந்து வந்து கணவருக்குப் பக்கத்தில் நின்றாள்.

"உட்காருங்க," என்றாள்.

வந்தவர் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். ரொம்பத் திட்டிட்டேன்."

"பரவாயில்ல," என்றார் கேம்காரர். அவருக்கு மூச்சு வந்தது. "விளையாடிப் பாத்தீங்களா?"

"இல்ல சார்."

"ஓடலயா? என்ன கம்ப்யூட்டர் வெச்சிருக்கீங்க?"

"கம்ப்யூட்டர் இல்ல சார். நமக்கு கேம் எல்லாம் பழக்கமில்ல."

மனைவி கணவரைப் பார்த்தாள்.

"பின்ன எதுக்கு சார் பணம் போட்டீங்க?" என்று மச்சான் பின்னாலிருந்து கேட்டான்.

"முதல்ல ஆபீஸ்ல எல்லாரும் போட்டாங்களேன்னு போட்டேன் தம்பி. அப்புறம் சார் எழுதினது வந்துது." அவர் ஹெல்மெட்டைத் தடவினார். "'உங்களைக் காக்கவைத்தது என் தவறு. உங்கள் நேரம் என் நேரத்தைவிடப் பெரியது.' வீட்டுல சத்தமா படிச்சுக் காட்டினேன். என் சம்சாரம் டிவியை நிறுத்திட்டுக் கேட்டா."

கேம்காரர் இன்னொரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கு டெலிபோன் கம்பெனியில புகார் பிரிவு சார். காலையில போய் உட்கார்ந்தா சாயந்திரம் வரைக்கும் மன்னிக்கணும், மன்னிக்கணும்னு சொல்லணும். யார் பண்ண தப்புக்கோ. வீட்டுக்கு வந்தாலும் நான்தான் சொல்லணும். நமக்குன்னு யாராவது உட்கார்ந்து யோசிச்சு எழுதுவாங்களா? நாய் வேற குடுத்தீங்க."

"அதை எடுத்துட்டேன்," என்றார் கேம்காரர்.

"அதனால என்ன சார். பணம் போட்ட மத்தவங்களும் அப்படித்தான் சொல்றாங்க. எங்களுக்குள்ள பேசிக்குவோம். தேதி நெருங்கிச்சுன்னா எல்லாருக்கும் பயம்தான், எங்க முடிச்சுடுவீங்களோன்னு. நான் திட்டறதே, அப்பதான் நீங்க நல்லா எழுதுவீங்கன்னு. வெள்ளிக்கிழமை பாத்தா கேமே வந்துடுச்சு. எல்லாரும் வாயடைச்சுப் போயிட்டாங்க. நீங்க போய்ப் பேசுங்கன்னு என்னை அனுப்பினாங்க."

அவர் எழுந்து நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கேம் வந்ததுல சந்தோஷம் சார். ஆனா இனிமே எங்ககிட்ட யாரு மன்னிப்புக் கேப்பாங்க?"