சராசரி அண்ணாச்சியும் மேலக்காட்டு மினி பஸ்ஸும்

கூட்டி வகுத்தால் உலகத்தில் எந்தப் பிரச்சினையும் தீர்ந்துவிடும் என்று நம்பிய ஒரே மனிதர் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் ஆபீஸில்தான் இருந்தார். எந்த ஊரில் எவ்வளவு வருமானம், எத்தனை வீட்டில் டிவி என்று கணக்கெடுத்து மேலிடத்துக்கு அனுப்புகிற சின்ன ஆபீஸ் அது. நான் அங்கே புதுசு. அவர் சீனியர். அவருடைய அம்மா அப்பா வைத்த பெயர் சம்பள நாளன்று மட்டும்தான் வெளியே வரும். மற்றபடி எல்லோருக்கும் அவர் சராசரி அண்ணாச்சி.

வீடு ராஜபாளையத்தில். தினமும் பஸ்ஸில்தான் வருவார். காலையில் நின்றுகொண்டே வருவார், சாயங்காலம் உட்கார்ந்து போவார். "கால் வலிக்கலையா அண்ணாச்சி?" என்று கேட்டால், "எதுக்குலே வலிக்கும்? சராசரியாப் பாத்தா பாதி உக்காந்துதான வாரேன்" என்பார்.

ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுச் சிரித்த முகத்தோடு வந்தார். அவருக்குச் சர்க்கரை குறைவாம், அவர் மனைவிக்கு அதிகமாம்.

"இதுக்கா அண்ணாச்சி சிரிக்கிய?"

"ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுலே. வீட்டுக்கு நார்மல்."

அந்த அக்கா அன்று அவருக்குச் சோறு போட்டாரா என்பது எனக்குத் தெரியாது. மறுநாள் மத்தியானம் அவர் என் டிபன் பாக்ஸில் கை வைத்ததை வைத்து ஊகித்துக்கொண்டேன்.

இப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் ஆபீஸ் முழுக்கப் பால்கோவா கொடுத்தார். நம் வட்டாரத்துக் கணக்கு வந்துவிட்டதாம், வருமானம் எகிறிவிட்டதாம்.

"எங்க அப்பா காலத்துல ராஜபாளையத்துல எல்லாரும் சைக்கிள். இப்ப எங்க தெருவுல காரை நிறுத்த இடம் இல்ல. வளந்துட்டோம்லே, வளந்துட்டோம்!" அந்த ஊர் மில் முதலாளிகள் எல்லோரும் அவருடைய சொந்தச் சித்தப்பாக்கள் என்பதுபோல் இருந்தது அந்தப் பூரிப்பு.

பால்கோவா ருசி நாக்கில் இருக்கும்போதே பேச்சியம்மா வந்து நின்றார். செண்பகத்தோப்புக்கும் அப்பால், மலையடியில் இருக்கிற ஓர் ஊர்க்காரர். ஊரின் பெயர் மேலக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்தங்கிய ஊர் என்று அங்கே ஒரு மினி பஸ் விடுவதாக இருந்தது. அதை நம்பித்தான் பேச்சியம்மா மகள் கனியை ஸ்ரீவில்லிபுத்தூர் காலேஜில் சேர்த்திருந்தார். இப்போது மேலக்காடு வசதியான ஊராகிவிட்டது, பஸ் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். காரணம் எங்கள் அண்ணாச்சி. மேலக்காட்டையும் மில் ஊர்களையும் ஒரே கட்டாகச் சேர்த்துக் கூட்டி வகுத்தவர் அவர்தான்.

"எங்க ஊர்ல யாருய்யா அந்த வசதியானவன்?" என்று கேட்டார் பேச்சியம்மா. "பேரச் சொல்லுங்க. நேராப் போயி எம்மகளுக்கு ஒரு ஸ்கூட்டி வாங்கித் தாடான்னு கேட்டுக்கிடுதேன். ராத்திரியானா அங்கருந்து உங்க மில்லு லைட்டு தெரியுது, இல்லைங்கல. துட்டுதான் அங்கிட்டே நின்னுபோகுது."

அண்ணாச்சி கையிலிருந்த பால்கோவாவைக் கீழே வைத்தார். அன்றைக்கே மேலிடத்துக்குப் போன் போட்டு, கணக்கில் கோளாறு, நேரில் வந்து பாருங்கள் என்று கெஞ்சினார். அங்கே அவருக்குக் கிடைத்த பாட்டை எழுதினால் இந்தப் பத்திரிகை தாங்காது. ஆனாலும் மதுரையிலிருந்து ஓர் அதிகாரியம்மா வருவதாக ஒப்புக்கொண்டார்.

அந்தம்மா வருவதற்குக் கொஞ்சம் முன்னால் நானும் அண்ணாச்சியும் மேலக்காடு போய்ச் சேர்ந்தோம். போனால் ஊரே கல்யாணக் களை. வாடகை நாற்காலிகள், வாசலெல்லாம் கோலம், பட்டுச் சேலையில் பெண்கள். அண்ணாச்சி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எம்மா, கொஞ்சம் கஷ்டப்படுத மாதிரி இருங்கம்மா! கும்பிட்டுக் கேக்கேன்!"

"பெரிய அதிகாரி வாராவ. கிழிஞ்ச பாயிலயா உக்கார வைக்கச் சொல்லுதிய?" என்று சீறினார் பேச்சியம்மா. "பஸ்ஸு வராட்டிப் போகுது. எங்களுக்கு மானம் இல்லையா?"

அதற்குள் அதிகாரியம்மா வந்துவிட்டார். வனத்துறைச் செக்போஸ்டோடு ஜீப் நின்றுவிட்டதால் மிச்சத்தை நடந்து வந்திருந்தார். முகமெல்லாம் வியர்வை. பேச்சியம்மா வீட்டுக்குள் நுழைந்ததும் மூலையில் இருந்த பிரிட்ஜைப் பார்த்தார்.

"பரவாயில்லையே, பிரிட்ஜெல்லாம் இருக்கே!"

முடிந்தது கதை என்று நினைத்தேன்.

"ஜில்லுன்னு கொஞ்சம் தண்ணி கிடைக்குமாம்மா?" என்று கேட்டார் அதிகாரியம்மா.

பேச்சியம்மா அசையவில்லை. பிரிட்ஜ் கதவில் முதுகைச் சாய்த்து அப்படியே நின்றார். கனிதான் அம்மாவின் கையைப் பிடித்து விலக்கிவிட்டுக் கதவைத் திறந்தாள். உள்ளே மேல்தட்டில் மடித்த சேலைகள், நடுத்தட்டில் கனியின் புத்தகங்கள், கீழே காய்கறி வைக்கிற இடத்தில் ரேஷன் கார்டும் ஒரு மஞ்சள் பையும்.

"கரண்டு வருது மேடம்" என்றாள் கனி. "பல்பு எரியும். இது ஓடுத அளவுக்கு வராது. மாமா சீராக் குடுத்தது, விக்க மனசில்ல. எலி கடிக்காம வைக்கத் தோதா இருக்கு."

அதிகாரியம்மா ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தார். பிறகு அண்ணாச்சி பக்கம் திரும்பினார்.

"உங்க கணக்கு எப்படி சார் தப்பாச்சு?"

"கணக்குச் சரிதான் மேடம்" என்றார் அண்ணாச்சி. "இந்த ஊருதான் அதுல இல்ல."

பானைத் தண்ணீரை இரண்டு செம்பு குடித்துவிட்டு அந்தம்மா கிளம்பினார். போகும்போது பேச்சியம்மாவின் கையைப் பிடித்து, "கோலம் ரொம்ப நல்லா இருக்கு" என்றார். பஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதன்பிறகு காத்திருந்த நாட்களில் அண்ணாச்சி எதையும் கூட்டவுமில்லை, வகுக்கவுமில்லை. ஆபீஸே நோய்வாய்ப்பட்டதுபோல் இருந்தது.

கடைசியில், செக்போஸ்ட் வரைக்கும் மினி பஸ் விடச் சொல்லி உத்தரவு வந்தது. முதல் நாள் மினி பஸ்ஸுக்காக அண்ணாச்சி என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்றார். வர வேண்டிய நேரம் தாண்டியும் பஸ்ஸைக் காணோம். "டயரு பஞ்சராயிருக்குமோ? உத்தரவ மாத்திட்டானுவளோ?" என்று போகிற வருகிற டிரைவரையெல்லாம் பிடித்துக் கேட்டு வசை வாங்கினார். ஒருவழியாகச் செம்மண் அப்பிய பஸ் ஒன்று திரும்பி உள்ளே வந்தது. கனி இறங்கி, எங்களைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு, காலேஜுக்கு நேரமாகிவிட்டதென்று ஓடினாள்.

அண்ணாச்சி பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்து "அப்பாடி!" என்றார். அவ்வளவு சத்தமான அப்பாடியை அந்த பஸ் ஸ்டாண்டு கேட்டிருக்காது.

இப்போது அண்ணாச்சி ரிட்டயர் ஆகி ராஜபாளையத்தில் இருக்கிறார். ஓய்வு கிடைத்தால் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். அங்கே போய் ஆக வேண்டிய காரியம் ஒன்றும் கிடையாது. எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும்.