படகில் மூன்று ஓட்டு

அன்பும் மரியாதையும் மிக்க ஒதெத் அக்காவுக்கு,

அமியானிலிருந்து தம்பி அன்செல்ம் எழுதுவது. இங்கு நானும் வாத்துகளும் நலம். மர்செய் வெயிலில் உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். எதற்கும் உட்கார்ந்தே படி.

இந்த ஊரில் உனக்கிருக்கும் ஓட்டை உனக்குப் பதிலாக நான் போடலாம் என்று போலீஸ் நிலையம் வரை போய்க் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயே, அந்த ஓட்டைப் பற்றித்தான்.

நம் மர்லேன் பத்திரிகையில் எழுதினாள், அப்புறம் மூடிப்போன டயர் தொழிற்சாலையைப் படமெடுத்தாள், படத்தில் வந்த தொழிலாளிகளே அவளை இடதுசாரி வேட்பாளராக நிறுத்திவிட்டார்கள், அதெல்லாம் உனக்குத் தெரியும். தேர்தலன்று மற்ற வேட்பாளர்கள் காலையிலேயே ஓட்டுப் போட்டுவிட்டார்கள். இவளுக்குக் காலை வெளிச்சம் பிடிக்கவில்லையாம். சாயங்காலம் நான் காய்கறிப் படகைத் துடுப்புப் போட, அவள் எதிரே உட்கார்ந்து படமெடுக்க, வாய்க்கால் வழியாகவே ஓட்டுப் போடப் போகவேண்டுமாம். போனோம். "அப்பா, இன்னொரு தடவை வாங்க, வாத்து கேமராவைப் பார்த்திடுச்சு." வந்தேன். "இப்ப நீங்க பார்த்திட்டீங்க." மறுபடி வந்தேன். தண்ணீரெல்லாம் தேன் நிறம். அல்லி இலைகள் படகின் அடிவயிற்றைத் தடவுகிற சத்தம். கண் சொருகிவிட்டது அக்கா. கனவில் நாடாளுமன்றத்துக்குள் முழங்காலளவு தண்ணீர். சிவப்பு நாற்காலிகளுக்கு நடுவே நான் முட்டைக்கோஸ் நட்டிருக்கிறேன். மந்திரிகள் ஆளுக்கொரு படகில் மிதந்து வந்து விலை கேட்கிறார்கள். மர்லேன் பேச எழுந்தாள், வாயிலிருந்து பேச்சு வரவில்லை, நீலத் தும்பிகள் வந்தன. எதிர்க்கட்சியும் கைதட்டியது.

கைதட்டல் இல்லை, மாதா கோயில் மணி. ஆறு அடித்தது. வாக்குச்சாவடியை மூடிவிட்டார்கள். கரையில் டயர் தொழிற்சாலை ஃபிர்மின் தொப்பியைத் தரையில் அடித்து, "யோவ் அன்செல்ம், புரட்சியையே தூங்க வச்சுட்டியேய்யா!" என்று கத்தினான்.

இரண்டே ஓட்டில் தோற்றோம். படகில் மூன்று இருந்தது: அவளுடையது, என்னுடையது, உன்னுடையது.

உன் இரு கன்னங்களிலும் முத்தம். பூனையையும் விசாரித்ததாகச் சொல்.

உன் தூங்குமூஞ்சித் தம்பி,
அன்செல்ம்

பி.கு.: அக்கா, மணி அடிக்கும் முன்பே முழித்துவிட்டேன். ஜெயித்தால் அவளைப் பாரிஸ் கொண்டுபோய்விடும். எதிரே இவ்வளவு நேரம் அவள் உட்கார்ந்து எத்தனை வருஷமாயிற்று? கண்ணைத் திறக்க மனசு வரவில்லை. இதை எழுதும்போது பின்னால் நின்று படித்துவிட்டாள். "தெரியும்ப்பா. உங்க இமை துடிச்சது கேமராவுல அழகா விழுந்திருக்கு. நான் ஏன் எழுப்பலைன்னு மட்டும் அத்தைக்கு எழுதிடாதீங்க" என்கிறாள். எழுதவில்லை.