ராஜவேலுவின் ரைஃபிளுக்குப் புது மெருகு

மார்கழி பிறக்கப் பத்து நாள் இருக்கும்போது என் நைனா மொத்தக் குடும்பத்தையும் கூடத்தில் உட்காரவைத்து ஒரு தீர்மானம் அறிவித்தார். எங்கள் ஊட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். மொத்தக் குடும்பம் என்றால் அம்மா, நான், அப்புறம் பாய்மேல் இரண்டு துண்டாகக் கிடந்த துப்பாக்கி.

"இத்தைப் புதுசா ஆக்கப்போறேன்" என்றார் நைனா.

அதன் கதையைச் சொல்லிவிடுகிறேன். யாரோ ஒரு ஜமீன்தார், சட்டைக்கு அளவு கொடுப்பதுபோல் தன் கைக்கு அளவு கொடுத்துச் செய்யவைத்த வேட்டை ரைஃபிள். ஒரு சின்னப் பிடியைத் திருப்பினால் குழல் தனி, தோளில் சாய்க்கும் மரக்கட்டை தனி என்று கழன்றுவிடும். ஜமீன் நொடித்தபோது எங்கள் குடும்பத்துக்கு வந்தது. இப்போது பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸில் ராஜவேலு என்ற நைனாவின் பெயரில் இருக்கிறது. கட்டையில் விரிசல், அதைச் சுற்றிச் செம்புக் கம்பி. குழல் வெளுத்துப்போய்ப் பழைய சைக்கிள் பம்ப் மாதிரி இருக்கும். ஜமீன்தார் ஆறடி. நைனா ஐந்தடி இரண்டு அங்குலம், அதுவும் செருப்போடு. தோளில் வைத்தால் விரல் விசைக்கு எட்டாது. அதனால் என் ஆயுளில் அது ஒருமுறைகூட வெடித்ததில்லை.

ஆனால் அதனால் நைனாவுக்கு ஆன காரியம் பெரிசு. தினமும் காலை ஐந்து மணிக்கு, சரியாகத் தெருக்குழாயில் தண்ணீர் வரும் நேரம் பார்த்து, துப்பாக்கியை இரண்டாகக் கழற்றிப் பையில் போட்டு, மொபெட்டில் மாட்டி, காட்டுப்பன்றிக் காவலுக்குக் கிளம்பிவிடுவார். திருப்பாச்சூரைத் தாண்டி எங்கள் நிலம். அங்கே பம்ப்செட் கொட்டகையில் நைனாவின் கூட்டாளி சுப்பராயன் மாமா சீட்டுக்கட்டோடு காத்திருப்பார். நைனா நாஷ்டாவுக்குத் திரும்புவதற்குள் அம்மா பன்னிரண்டு குடம் தண்ணீர் பிடித்து, மாட்டைப் பார்த்து, சமைத்து, என்னை ரயிலுக்கு விரட்டி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பாள்.

அம்மாவின் ஆசை ஒன்றே ஒன்றுதான். காலையில் இந்த மனுஷன் ஊட்டில் இருக்கவேண்டும்.

நான் எம்.ஏ. அரசியல் அறிவியல். பேச்சுப்போட்டியில் மூன்று கோப்பை வாங்கியவள். சும்மா விடுவேனா?

"நைனா, வேட்டையாடறது சட்டப்படி குத்தம்."

"நான் எங்க வேட்டையாடறேன்? பன்னிக்குக் காட்டறதுக்கு எடுத்துகினு போறேன்."

"பன்னிக்கு ரைஃபிள்னா இன்னான்னு தெரியுமா?"

"மத்த ஊரு பன்னிக்குத் தெரியாது. நம்ம ஊரு பன்னிக்குத் தெரியும்."

"தெரியும்னு உனக்கு எப்பிடித் தெரியும்?"

"இதுவரைக்கும் ஒரு பன்னியும் வந்து தெரியாதுன்னு சொல்லலியே."

இப்படிப்பட்டவரிடம் எந்தத் தர்க்கம் செல்லும்? நான் அம்மா பக்கம் திரும்பினேன். அம்மா இப்போது வெடிப்பாள் என்று காத்திருந்தேன்.

"செய்ங்க" என்றாள் அம்மா. "செய்யறதை நல்லாவே செய்ங்க. துப்பாக்கின்னா ஒரு லட்சணம் வேணாவா?"

எனக்குத் தலை சுற்றியது. தன்னைச் சுரண்டும் கருவிக்குத் தானே மெருகு போடச் சொல்கிற ஒரு பெண்ணை நான் பாடப் புத்தகத்தில்கூடப் படித்ததில்லை. அன்று முழுக்க அடுப்படியில் நின்று அம்மாவுக்கு வகுப்பெடுத்தேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். "முடிச்சிட்டியா? அந்த உப்பு டப்பாவ எடு" என்றாள்.

வேண்டிய கடிதங்களை வாங்கிக்கொண்டு சென்னையில் லைசென்ஸ் உள்ள துப்பாக்கி ரிப்பேர்க் கடைக்குப் போனோம். அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள், மாப்பிள்ளைக்குத் துணி எடுக்கப் போவதுபோல. கடைக்காரர் ஜோஷ்வா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, ரைஃபிளைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றிப் பார்த்தார். பிறகு இஞ்ச் டேப்பால் நைனாவின் கையை அளந்தார்.

"ஒண்ணரை அங்குலம் கொறைக்கணும் சார்."

நைனா கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"கட்டையில சார்."

கட்டைக்கு ஈட்டி மரம் என்று முடிவாயிற்று. நுனியில் கருங்காலி. பிடிக்கும் இடத்தில் கட்டம் கட்டமாக வரி. குழலுக்குப் புதுசாக நீலக்கறுப்பு. ஒவ்வொன்றுக்கும் நைனா தலையாட்டினார், அம்மா அவரைவிட வேகமாக ஆட்டினாள். கடைசியில் பாலிஷ்.

"வேட்டைத் துப்பாக்கிக்கு எண்ணெய்ப் பூச்சுதான் சார். மழை, பனி எதுக்கும் அசராது" என்றார் ஜோஷ்வா.

"எண்ணெய் பூசினா மங்கலா கீமே?" என்றாள் அம்மா. "மொகம் தெரியற மாதிரி ஒண்ணும் இல்லியா?"

"அது அரக்குப் பாலிஷ்மா. கட்டில், பீரோவுக்குப் போடறது. ஆனா..."

"என் துப்பாக்கியா மங்கலா இருக்கணும்?" நைனா நெஞ்சை நிமிர்த்தினார். "மொகம் தெரியணும்!"

ஜோஷ்வா மறுபடி "ஆனா" என்று ஆரம்பித்தார். அம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, தலைய வலிக்குது. எதிர்ல ஒரு டீ வாங்கிகினு வாங்களேன்." நைனா போனார். விவாதம் பாதியில் நின்றிருந்ததால் நானும் பின்னாலேயே போனேன். அது நான் செய்த தப்பு என்று இப்போது தெரிகிறது.

மூன்று வாரம் கழித்துத் துப்பாக்கி வீடு வந்தது. அழகு என்றால் அழகு! எனக்கே கொள்கை கொஞ்சம் ஆடிவிட்டது. இரண்டு துண்டையும் மாட்டும்போது 'க்ளிக்' என்று ஒரு சத்தம், அதைக் கேட்கவே தெரு திரண்டது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்யும் என் தாய்மாமா, துப்பாக்கி வடிவத்திலேயே ஸ்பாஞ்சை வெட்டி உள்ளே பதித்த ஒரு பெட்டி கொண்டுவந்தார். பக்கத்து ஊட்டு ஜானகியம்மாள் கட்டையில் முகம் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"பாலிஷ் யாரு சொன்னது?" என்று ஊரே கேட்டது.

"நானே செலக்ட் பண்ணேன்" என்று ஊருக்கே சொன்னார் நைனா. ஒரு நூறு தடவை இருக்கும்.

மறுநாள் காலை ஐந்து மணிக்குக் காவலுக்குக் கிளம்பினார். மார்கழிப் பனி கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஆறு மணிக்கே திரும்பி வந்துவிட்டார். முகம் பேயறைந்ததுபோல் இருந்தது. பையைப் பிரித்தார். ஈட்டி மரம் முழுக்கத் திட்டுத் திட்டாக வெள்ளை.

போனை ஸ்பீக்கரில் போட்டார். "ஜோஷ்வா சார்! துப்பாக்கிக்குத் தேமல் வந்துடுச்சு!"

"பனியில எடுத்துகினு போனீங்களா சார்?"

"பின்ன, பன்னி ஊட்டுக்குள்ளயா வரும்?"

"அரக்குப் பாலிஷ் பனிக்கு வெளுக்கும் சார். காயவெச்சுத் துடைச்சா போயிடும், ஆனா மறுபடி பனியில காட்டக்கூடாது. அம்மாகிட்ட அப்பவே சொன்னேனே. நீங்க டீ வாங்கப் போயிருந்தீங்க."

"அதுக்கு அவ இன்னா சொன்னா?"

"'அப்பிடின்னா அத்தையே ரெண்டு கோட்டிங் சேத்துப் போடுங்க'ன்னாங்க சார்."

நைனா மெதுவாகப் போனை வைத்தார். அதைவிட மெதுவாக அம்மாவைப் பார்த்தார். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"சொரண்டிட்டு எண்ணெய்ப் பூச்சே போட்டுக்கலாங்க" என்றாள். "ஊர்ல கேட்டா, செலக்ட் பண்ணது தப்பாயிடுச்சின்னு சொல்லிடுங்க. அதுல இன்னா கீது?"

நைனா துப்பாக்கியைப் பார்த்தார். தேமல் படாத இடத்தில் அவர் முகம் பளபளவென்று தெரிந்தது. மீசைகூட ஒரு சுற்று பெரிதாகத் தெரிந்தது. அதைச் சுரண்ட எந்த மனுஷனுக்கு மனசு வரும்? துடைத்து, இரண்டாகக் கழற்றி, ஸ்பாஞ்சுக்குள் படுக்கவைத்துப் பூட்டினார்.

சாயங்காலம் வரை யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார்.

"ஹேமா" என்று அம்மாவைக் கூப்பிட்டார். "துப்பாக்கி ஊட்லயே கெடக்கட்டும். நான் ஒரு கம்பு எடுத்துகினு போறேன்."

"கம்புக்கு ஓடற பன்னிக்கா இத்தினி வருஷம் ரைஃபிள் தூக்கிகினு போனீங்க?"

நைனா பெட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அப்போ பயிரு?" என்றார்.

"அந்தப் பேஜாரு உங்களுக்கு எதுக்கு? தகரத்தைத் தட்டினா பன்னி ஓடப்போவுது. நானும் ஜானகியும் பாத்துக்கறோம். சுப்பராயண்ணன்கிட்டயும் சொல்லிட்டேன்."

"இன்னான்னு?"

"சீட்டுக்கட்டைக் கொட்டகையிலயே வெச்சிட்டு, அவரு ஊட்ல தண்ணி புடிக்கச் சொல்லி."

மறுநாள் காலை ஐந்து மணி. ஸ்வெட்டர், தலையில் மப்ளர், கையில் ஃபிளாஸ்க் நிறைய டீ. ஜானகியம்மாள் மடியில் தகரத்தோடு பின்னால் உட்கார, அம்மா மொபெட்டைக் கிளப்பினாள். வாசலில் இரண்டு இடுப்பிலும் இரண்டு குடத்தோடு நைனா. எனக்கு மெய் சிலிர்த்தது. பெண் உழைப்பைப் பற்றி நான் மூன்று கோப்பைக்குப் பேசியதெல்லாம் என் வாசலிலேயே நடக்கிறது! "அம்மா, இது வெறும் காவல் இல்ல, இது ஒரு வரலாற்று..." என்று ஆரம்பித்தேன்.

"நைனாவுக்கு மாடு கறக்க வராது" என்றாள் அம்மா. "நீ கறந்துடு."