பாதுகாப்புக்காக மாற்றிய பெயர்

கனகம்மாசத்திரத்தை விட்டுத் திருத்தணியை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். பஸ் ஓடத்தான் செய்தது. ஆனால் பஸ் ஸ்டாப்பில் தணிகைவேலின் மச்சான்கள் என்னைத் தேடிக்கொண்டு நின்றார்கள். அவர்களைத் தூரத்தில் பார்த்ததும், நடப்பது உடம்புக்கு நல்லது என்று தோன்றிவிட்டது.

எல்லாம் நான் எழுத்தாளனானதால் வந்தது. எட்டாவதோடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் விட்டுவிட்டோம். பிறகு கிடைத்த ஊரில் கிடைத்த வேலை. அதையெல்லாம் போனிலேயே வலைப்பூவாக எழுதிவந்தேன். (வாசகர்களில் பாதிப் பேர் நானே.) அப்போது திருப்பதி ரோட்டில் ஒரு மெஸ்ஸில் சப்ளையராக இருந்தேன். முந்தின நாள் சாம்பாரில் வெந்நீர் ஊற்றி, கோயிலுக்குப் போகிற வேன்காரர்களுக்குப் பரிமாறச் சொன்னார் முதலாளி. ஏன் என்று கேட்டேன். என் பையைத் தூக்கி வெளியே வைத்தார்.

வெளியே உட்கார்ந்தே எழுதிவிட்டேன். நிஜப் பெயரைப் போட்டால் கேஸ் வரும் என்று கேள்விப்பட்டிருந்ததால், முதலாளிக்குத் தணிகைவேல் என்று பெயர் வைத்தேன். தணிகை மலையைச் சுற்றித் தெருவுக்கு நாலு தணிகைவேல் உண்டு. அந்தப் பெயரை எழுதுவதும் 'யாரோ ஒருவர்' என்று எழுதுவதும் ஒன்றுதான் என்பது என் சட்ட அறிவு.

எதிர்வரிசையில் இன்னொரு மெஸ். அதன் முதலாளியை ஊரே தெலுங்கில் 'பாவா', அதாவது அத்தான், என்றுதான் கூப்பிடும். நானும் அப்படிக் கூப்பிட்டு அவரிடம் டீ குடித்திருக்கிறேன். அவருடைய மச்சான்கள் என்னைத் தேடிக் கிளம்பிய பிறகுதான் அவருடைய நிஜப் பெயர் என்னவென்று எனக்குத் தெரிந்தது. என் பழைய முதலாளியோ அந்தப் பதிவை வேன் டிரைவர்களின் வாட்ஸப் குழுக்களுக்கெல்லாம் தானே அனுப்பியிருந்தார். (அவ்வளவு பேர் படித்த பதிவை நான் அதற்கு முன்பும் எழுதவில்லை, பின்பும் எழுதவில்லை.)

தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பாவா கடையைத் தாண்டினேன். மதியச் சாப்பாட்டு நேரம். ஒரு இலைகூட விழவில்லை. வேன்களெல்லாம் எதிரே என் பழைய முதலாளி கடைக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. பாவா கல்லாவில் உட்கார்ந்து, திரும்புகிற ஒவ்வொரு வேனையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

திருத்தணியில் ஒரு வக்கீலம்மா இருந்தார். அவர் வீட்டுக்கு வெள்ளையடித்த பழக்கம். போனை வாங்கிப் படித்தார்.

"நீ எழுதுனது நெசமா?"

"ஆங், நெசந்தாங்க."

"பேரு?"

"அது மட்டும் பொய்ங்க. பாதுகாப்புக்கு."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நெசப் பேரப் போட்டிருந்தா, உண்மையச் சொன்னேன், ஜனங்க நல்லதுக்குச் சொன்னேன்னு கோர்ட்ல நின்னு பேசலாம். அந்த ஒரு வழியையும் நீயே அடைச்சிட்டு வந்துகிறியே."

எழுதுகிறவனுக்கு உரிமையே கிடையாதா என்று கேட்டேன்.

"இருக்குது. எழுதுனத அழிக்கிற உரிமையும் இருக்குது. மொதல்ல அதை எடுத்துக்கோ. அப்புறம் நேராப் போய் அந்தாளு கால்ல வுழு."

பதிவை அழித்துவிட்டு, மன்னிப்பு எழுதிப் போட்டேன். திரும்பிப் போகும்போது பஸ்ஸில் போனேன். எப்படியும் அடி உறுதி, எதற்கு நடக்க வேண்டும்?

பாவா கடைக்குள் நுழைந்ததும் மச்சான்கள் எழுந்தார்கள். பாவா கையைக் காட்டி உட்காரவைத்தார். மன்னிப்பைப் போனில் காட்டினேன். "இத எவன் படிப்பான்?" என்றார். "கெட்டுப்போன சாம்பார்னா ஊரே படிக்கும். நல்ல சாம்பார்னு எழுதினா நீதான் படிப்ப. எழுதிக் கிழிச்சது போதும். காலையில வந்து ரோட்ல நில்லு."

அவர் மனைவி என் பெயரைக் கேட்டார். சொன்னேன்.

"நெசப் பேரா, மாத்துனதா?" என்றார். மச்சான்களே சிரித்துவிட்டார்கள். பிற்பாடு அதே வீட்டில் பெண் எடுத்தேன். தாலி கட்டும் நேரத்தில் ஐயர் என் பெயரைக் கேட்டபோதும் கூட்டத்திலிருந்து அதே கேள்விதான் வந்தது.

மறுநாள் காலை விசிலும் சிவப்புக் கொடியுமாக ரோட்டோரம் நின்றேன். முதல் வேன் வேகத்தைக் குறைத்தது. டிரைவர் தலையை நீட்டி, பழைய சாம்பார் ஊற்றுகிறார்கள் என்று போட்டிருந்தார்களே, அந்தக் கடைதானே இது என்று கேட்டார்.

"அதே கடதாங்க. தப்பாப் போட்டவன் நான்தான். எறங்குங்க, நான் மொதல்ல துன்னு காட்றேன்."

ஒவ்வொரு வேனுக்கும் முன்னால் இரண்டு இட்லி, சாம்பார் ஊற்றி. அதுதான் வேலை. பத்து மணிக்குள் கடை நிரம்பிவிட்டது. கீழே விழுந்த கொடியைக் குனிந்து எடுக்கத்தான் என்னால் முடியவில்லை.