கத்திக்குப் புளி ஊறவைத்த கதை

புகுந்த வீட்டில் நல்ல பெயர் எடுக்க, எதையும் தொடாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். எனக்கோ அந்த மீதிப் பாதி மேல்தான் ஆசை.

எங்களுடையது காதல் கல்யாணம். நான் வில்லியனூர்ப் பக்கம், விவசாயக் குடும்பம். கணவர் அந்துவான், நெல்லித்தோப்புக் கிறிஸ்தவர். அத்தை என்னைச் சீக்கிரமே சேர்த்துக்கொண்டார். மாமா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். என்னைத் திட்டியதில்லை, முறைத்ததில்லை. பேசமாட்டார், அவ்வளவுதான். நான் எதிரிலேயே நின்றாலும் அத்தையிடம், “அந்தப் பொண்ணு சாப்ட்டுச்சானு கேளு” என்பார். நானும், “சாப்ட்டேன்னு சொல்லுங்க அத்தை” என்பேன். (அத்தைக்கு நடுவில் தபால்காரர் வேலை.) மாமா என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும். அப்போது என் ஒரே லட்சியம் அதுதான்.

அந்த வீட்டில் என் முதல் ஆயுத பூஜை வந்தது. தையல் மெஷினுக்கும் ஸ்கூட்டிக்கும் பொட்டு வைக்கட்டுமா என்று கேட்டேன். “வெச்சிக்கோயேன், மாதாவா கோச்சிக்கப்போறாங்க?” என்றார் அத்தை. எங்கள் ஊரில் அன்றைக்கு வீட்டிலுள்ள இரும்பு ஒன்றும் தப்பாது. கத்தரிக்கோல், அரிவாள்மணை, சுத்தியல் என்று சேர்த்துக்கொண்டே போனவள், அலமாரியில் மாமாவின் சவரக்கத்தியைப் பார்த்தேன்.

மடக்குக் கத்தி. பிரான்சில் வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குக் கிளம்புமுன் அதில்தான் சவரம். விரித்துப் பார்த்தேன். கடற்காற்று சும்மா விடுமா? தாளித்த கடுகு தெறித்ததுபோல் அங்கங்கே துருப் புள்ளிகள். இதை எடுத்துப் பளபளவென்று வைத்தால் மாமா பேசாமல் எங்கே போவார்?

லேசான துருவுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மெல்லிய துணியால் முதுகுப் பக்கமிருந்து கூர்ப் பக்கமாக மெதுவாகத் துடைத்தால் போதும் என்று இப்போது எனக்குத் தெரியும். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் குத்துவிளக்குதான். கத்தியைப் புளியும் உப்பும் கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டுச் சுண்டல் செய்யப் போனேன். திரும்பி வந்தால் கத்தி கறுத்துக் கிடந்தது. பயப்பட வேண்டிய இடத்தில் எனக்கு வீரம் வந்தது. பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை எடுத்து, முதுகு, கூர் என்று பாகுபாடு பார்க்காமல் தேய்த்தேன். பளபளத்தது! சந்தனம் குழைத்து, குங்குமம் வைத்து, அரிவாள்மணைக்குப் பக்கத்தில் படுக்கவைத்தேன்.

“அத ஏன்டி எடுத்த? அவர கேட்டியா?” என்றார் அத்தை.

“சர்ப்ரைஸ் அத்தை.”

பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை எடுக்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அதனால் ஈரச் சந்தனமும் தன் பங்குக்கு இரவெல்லாம் வேலை பார்த்தது. விடிந்தால் ஞாயிறு. கத்தியைத் துடைத்துப் பழைய இடத்தில் வைத்தேன். மாமாவின் தம்பி பேரனுக்கு அன்று ஞானஸ்நானம்; மாமாதான் ஞானத்தகப்பன். கோட்டு இஸ்திரி போட்டுத் தயாராகத் தொங்கியது.

குளியலறையிலிருந்து “மோன் தியே!” என்று ஓர் அலறல். (பிரெஞ்சில் ‘கடவுளே’ என்று பிறகுதான் தெரிந்தது. அது என்னைப் பற்றியது என்று அப்போதே புரிந்தது.)

கத்தி முடியை வெட்டவில்லை, பிடுங்கியிருக்கிறது. வலது கன்னம் ஒருவழியாக முடிந்து ரத்தக்கோலமாக இருந்தது. இடது கன்னத்தில் நுரை அப்படியே இருந்தது. அந்துவான் தாடிக்காரர், அவர் டிரிம்மரில் சார்ஜ் இல்லை. கோயில் மணி அடித்துவிட்டது. தாமதமாகப் போவது மாமாவுக்குப் பாதி சவரத்தைவிடக் கேவலம். நுரையைத் துடைத்துவிட்டு, காயங்களில் காகிதத் துணுக்குகளை ஒட்டிக்கொண்டு கிளம்பினார்.

கோயிலில் குழந்தையை ஏந்தி நின்றார். “பிசாசை விட்டுவிடுகிறீர்களா?” என்று சாமியார் கேட்டார். “விட்டுவிடுகிறேன்” என்று சொல்லிவிட்டு மாமா திரும்பி என்னைப் பார்த்தார். அதற்குள் குழந்தை அவர் கன்னத்துக் காகிதம் ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டது. தாய் அலற, சாமியார் விரலை விட்டு எடுக்க, போட்டோக்காரர் மட்டும் கடமை தவறாமல் எடுத்துக்கொண்டே இருந்தார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் மாமா கத்தியைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்தார். மடிப்புக்குள் சிக்கியிருந்த ஒரு புளி நாரை இழுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அத்தையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“ஏம்மா, இது என்னா வஞ்சிர மீனா, புளி போட்டு ஊற வெக்க?”

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். என் வாயில் வந்தது வேறு. “மாமா, எங்கிட்ட நேரா பேசிட்டீங்க!”

மாமா திகைத்து, பழக்கதோஷத்தில் அத்தை பக்கம் திரும்பினார். “அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு…” என்று தொடங்கி, மேலே போக முடியாமல் சிரித்துவிட்டார். சிரித்ததில் கன்னம் எரிந்து, மறுபடியும் “மோன் தியே” என்றார்.

பாதி சவர முகத்தோடு அவர் குழந்தையை ஏந்தி நிற்கும் படம் கூடத்தில் மாட்டியிருக்கிறது. ஆயுத பூஜை அன்று சவரக்கத்தி அவருடைய சட்டைப் பைக்குப் போய்விடும். மீன் குழம்புக்கு நான் புளியை ஊறப்போடும்போதெல்லாம் கூடத்திலிருந்து குரல் வரும், நேராக எனக்கே:

“ஏம்மா, உள்ள வெறும் புளிதானே?”