நான் வாசித்த சிங்களப் பத்திரிகை

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனாலும் ஒருவர் வாங்கும் பத்திரிகையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. (வெளியில் சொல்ல வெட்கம்.) விளையாட்டுப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மடிக்கிறவர் வீட்டில் ஒரு பல்பைக்கூட மாற்றமாட்டார். கடையில் நின்றபடியே ஓசியில் வாசித்து முடிக்கிறவருக்குப் பெண் கொடுக்கவே கூடாது. மரண அறிவித்தலை முதலில் பார்க்கிறவர் நல்ல மனசுக்காரர். (நான் அதைத்தான் முதலில் பார்ப்பேன்.)

என் வீட்டுக்காரர் மௌத்தாகி நான் தனித்த பிறகு, கடைசி மகள் சுமையாவுக்கு மருதமுனையில் ஒரு இடம் வந்தது. அதற்கு முன் இரண்டு இடம் கையில் வந்து நழுவியிருந்தது. இதுவும் போய்விட்டால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போவோம். என் கூடப்பிறந்த மூத்தவர் காக்காவும் நானும் கல்முனைக்குடியிலிருந்து ஆட்டோ பிடித்துப் போனோம்.

மாப்பிள்ளை றிஸ்வானுக்குக் கல்முனையில் மோட்டார் சாமான் கடையில் வேலை. இன்னும் வீட்டுக்கு வரவில்லை. அவருடைய வாப்பா எங்களை இருத்தி, தேத்தண்ணியும் தொதல் இனிப்பும் வைத்தார். நல்ல மனுசர், ஆனால் நேருக்கு நேர் முகம் பார்த்துக் கதைக்கிறவர். எனக்கோ பிற ஆம்பிளை முன்னால் நாக்கு எழும்பாது. தேத்தண்ணி வைத்த தீப்பாயில் ஒரு பத்திரிகை கிடந்தது. மாப்பிள்ளையின் குணத்தையும் பார்த்ததாகும், முகத்தையும் மறைத்ததாகும் என்று அதை எடுத்து விரித்தேன்.

விரித்த பிறகுதான் தெரிந்தது, எல்லாம் சிங்களம். எனக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியாது. கீழே வைத்தால் முகம் தெரியும். ஆகவே அப்படியே இருந்தேன். சும்மா இருந்தால் சந்தேகம் வரும் என்று இடைக்கிடை தலையையும் ஆட்டினேன். ஒரு தடவை 'ச்சு' என்று கவலைப்பட்டதாகவும் ஞாபகம்.

"மாஷா அல்லாஹ்! தங்கச்சிக்குச் சிங்களமும் வாசிக்க ஏலுமா?" என்றார் அவர்.

இல்லை என்று சொல்ல வாய் திறக்கவேண்டுமே! நான் இன்னொரு தடவை தலையை ஆட்டினேன். (அந்தத் தலையாட்டுத்தான் வினை.)

அவர் எழும்பிப் போய் ஒரு கடிதத்தோடு வந்தார். "நாவிதன்வெளி வயல் பெர்மிட்டுக்கு எழுதிப் போட்டதுக்குக் காணிக் கந்தோர்ல இருந்து காலையில பதில் வந்திச்சு, எல்லாம் சிங்களம். மகன் வாறவரைக்கும் பொறுக்க ஏலாம இரிக்கேன். என்ன எழுதியிரிக்கெண்டு ஒருக்காப் பாருங்க."

காக்காவைப் பார்த்தேன். அவர் வாயில் ஒரு பெரிய துண்டுத் தொதல். மேல் பல்லும் கீழ் பல்லும் ஒட்டிக் கிடந்தன. கண்ணால்தான் என்னைத் திட்டினார்.

கடிதத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தேன். வியர்வை முக்காட்டுக்குள் வழிந்தது. எங்கிருந்தோ ஒரு சத்தம் வந்தது, என்னுடையதுதான்.

"நல்ல சேதிதான்."

"அல்ஹம்துலில்லாஹ்!" மனுசர் அடுப்படிக் குசினிப் பக்கம் திரும்பி, வயல் கைக்கு வந்துவிட்டதாகச் சத்தம் போட்டார். சொந்தக்காரர் ஒருவருக்கு போனும் போட ஆயத்தமானார். அப்போதுதான் வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது.

றிஸ்வான் உள்ளே வந்து ஸலாம் சொன்னார். "மகன், பெர்மிட் கிடைச்சிட்டு! மாமி வாசிச்சுச் சொன்னா!" என்று வாப்பா கடிதத்தை நீட்டினார். நான் மனதுக்குள் சுமையாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அவர் கடிதத்தைப் பார்த்தார். என் மடியில் விரிந்து கிடந்த பத்திரிகையைப் பார்த்தார். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை, அவ்வளவு மரியாதை.

"ஓம் வாப்பா, மாமி சொன்னது சரி. நல்ல சேதிதான்" என்றார். "ஆனா இன்னும் ஒரு வேலை கிடக்கு. திங்கக்கிழம பழைய பத்திரத்தோட உங்கள வரச் சொல்லியிரிக்கி. போகாட்டி விண்ணப்பம் தள்ளுபடியாகிடும். போனைக் கொஞ்சம் வைங்க."

பொய்யும் சொல்லவில்லை, என்னையும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த ஆளுக்கு என் மகளைக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பது?

திரும்பும்போது ஆட்டோவில் காக்காவின் வாய் ஒருவழியாகத் திறந்தது. "என்னகா செஞ்ச நீ? அந்தப் பொடியன் வராட்டி இண்டைக்கு நம்மட கதை என்ன?"

நிக்காஹ் முடிந்து மருமகன் எங்கள் வீட்டோடு குடிவந்த முதல் வாரமே, மனது கேட்காமல் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

"எனக்கு அண்டைக்கே தெரியும் மாமி" என்றார். "நீங்க தலையாட்டின பக்கம் முழுக்க டெண்டர் அறிவித்தல். ரோட்டுக்குக் கல்லும் தாரும் வாங்கிறதுக்கு."

அந்தக் கல்லுக்கும் தாருக்குமா நான் 'ச்சு' கொட்டினேன்!

அவர் தமிழ்ப் பத்திரிகை ஒன்றும் சிங்களப் பத்திரிகை ஒன்றும் வாங்குவார். ஏன் என்று கேட்டேன். "ஒரே சேதிதான் மாமி. இதுல நம்மட கவலை இரிக்கும், அதுல அவங்கட கவலை இரிக்கும். ரெண்டையும் கேக்கணுமே" என்றார். இப்படி ஒரு வாசகரை என் கணக்கில் எந்த இடத்திலும் போட்டிருக்கவில்லை. அன்றோடு ஆள் பார்க்கும் வேலையை விட்டுவிட்டேன்.

இப்போதும் வீட்டுக்கு எந்தக் கடிதம் வந்தாலும் சுமையா சொல்வாள், "முதல்ல உம்மாக்கிட்டக் காட்டுங்க." ஞாயிற்றுக்கிழமைகளில் மருமகன் சிங்களச் செய்தியைத் தமிழில் எனக்கு வாசித்துக் காட்டுவார். முடிந்ததும் ஒரு தாளை உருவி நீட்டுவார்.

"டெண்டர் பக்கம், மாமி. உங்களுக்கெண்டு எடுத்து வச்சேன்."

நான் கண்ணாடியைப் போட்டு, மேலிருந்து கீழாகப் பார்த்து, தலையை ஆட்டுவேன்.

"நல்ல சேதிதான், மகன்."