கார் சொன்ன பொய்

லியனார்ட் மாஸ்டர் ஒரு பெரிய தீர்மானத்துக்கு வந்தார். மாமியார் வீட்டுக்குப் போகாமல் இருப்பதற்காக இனித் தன் வாயால் ஒரு பொய்யும் சொல்வதில்லை. காரைக் கொண்டு சொல்லவைப்பது.

அவருக்குப் பொய் வராது. சொல்ல முயன்றால் காது சிவந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை "தலைவலி" என்று சொல்லிப் பார்த்தார். மனைவி சுகிர்தம் அவருடைய காதைப் பார்த்தாள்.

"எந்தப் பக்கம் வலிக்குது?"

"எந்தப் பக்கம்னு சொல்லணும்?" என்று கேட்டுவிட்டார் மாஸ்டர்.

சுகிர்தம் உள்ளே போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள். கிளம்பினார்கள்.

மாமியார் அந்தோனியம்மாவிடம் ஒரு குறையும் கிடையாது. மருமகனைக் கண்டால் கோழி அடிக்கிற மனுஷி. தொல்லை அவர் குடியிருக்கிற தேயிலைத் தோட்டத்தில்தான். மாஸ்டரின் வீடு இருக்கும் பூண்டுலோயாவிலிருந்து போய், இறம்பொடை ஏற்றத்தில் பாதி ஏறினால், பாதையோரமாகவே தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயம். கார் நிற்கிற சத்தம் கேட்க வேண்டியதுதான், "பட்டதாரி மாப்பிள்ளை வந்திருக்காரு" என்று மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் செய்தி போய்விடும். பிரஜாவுரிமை மனு, பாஸ்போட் விண்ணப்பப் பாரம், பிறப்புச் சாட்சிப் பத்திரம் எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். வேலாயிக் கிழவியிடம் மூன்று காகிதம் இருந்தது, மூன்றிலும் மூன்று வயது. "இதில எது நானு தம்பி?" என்று கேட்பாள். மாஸ்டரோ ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை வாசிக்காமல் கையெழுத்து வைக்க விடமாட்டார். கோழிக்குழம்பு ஆறி ஆடை படர்ந்த பிறகுதான் அவருக்கு இலை விழும்.

முடியாது என்று சொல்லவும் மனம் வராது. அவருடைய அப்பாவும் இதே மாதிரி ஒரு காகிதத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்தான். ஆனால் கிழமைக்கு ஒரு ஞாயிறுதானே வருகிறது? ஐந்து நாள் பிள்ளைகளின் கொப்பியைத் திருத்துகிறார், ஆறாம் நாள் பள்ளிக்கூட அதிபரின் கடிதங்களைத் திருத்துகிறார். ஏழாம் நாள் தேவனே ஓய்ந்திருந்தாராம். மாஸ்டர் மட்டும் பாரம் நிரப்ப வேண்டுமாம்.

வழி காட்டியது ஒரு மோட்டார் சஞ்சிகை.

மாஸ்டரிடம் இருந்தது அவரைவிட வயது கூடிய ஓர் ஒஸ்டின் கார். பெல்ட் போட்டு எஞ்சினோடு சேர்த்துக் கட்டிய ஃபேன். மேட்டில் எஞ்சின் மூச்சு வாங்கினால் ஃபேனும் சேர்ந்து மூச்சு வாங்கும். உடனே ரேடியேட்டர் கொதிக்கும். பெல்ட் ஃபேனைக் கழற்றிவிட்டு, பேட்டரியில் ஓடும் கரண்ட் ஃபேனைப் போட்டால், கார் நகர்ந்தாலும் ஊர்ந்தாலும் அது தன்பாட்டில் சுற்றும், எஞ்சினுக்கும் பாரம் குறையும் என்று சஞ்சிகை சொன்னது. மாஸ்டர் கொழும்புக்குப் போய், உடைத்து விற்கும் ஜப்பான் கார் ஒன்றின் ஃபேனை வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

பூட்டிக்கொடுத்தவர் மெக்கானிக் அழகுமுத்து பாஸ். வீட்டு வாசலிலேயே வேலை நடந்தது. முதல் தடவை ஃபேனைப் போட்டதும் காருக்கு முன்னால் சுளகில் காய்ந்துகொண்டிருந்த மல்லி முழுவதும் எழும்பிப் பறந்தது.

"ஏங்க, காத்து வெளியில வருதே!" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கத்தினாள் சுகிர்தம். "உள்ளுக்குல்ல இழுக்கணும்?"

பாஸ் தலையைச் சொறிந்தார். பழைய இங்கிலாந்துக் காருக்கு பேட்டரியின் பிளஸ் பக்கம் கார்ப் பாடியோடு சேர்ந்திருக்கும். ஜப்பான் காருக்கு மைனஸ் பக்கம். வயரை மாற்றிக் கொடுத்தார். ஃபேன் திரும்பிச் சுற்றியது. மல்லி மட்டும் திரும்பி வரவில்லை.

"சாவியப் போட்டதும் தானாச் சுத்துற மாதிரி வச்சிருவோம் மாஸ்டர்," என்றார் பாஸ்.

"இல்ல பாஸ். ஒரு சுவிட்ச் வேணும். டேஷ்போர்டுக்கு அடியில, என் முழங்கால் கிட்ட. வெளியில தெரியாம."

"அது எதுக்கு?"

"தேவைப்படும்," என்றார் மாஸ்டர். காது சிவக்கவில்லை. அது உண்மை.

அடுத்த ஞாயிறே தேவைப்பட்டது. இறம்பொடை ஏற்றத்தின் முதல் வளைவில் மாஸ்டரின் கை முழங்காலைச் சொறியப் போனது. 'உய்ங்' என்ற சத்தம் நின்றது. இரண்டு வளைவு தாண்டியதும் பொனட்டிலிருந்து வெள்ளை வெளேரென்று ஆவி கிளம்பியது.

"கொதிச்சிருச்சாங்க?"

"ஆமா."

"புது ஃபேனு போட்டும் ஏங்க கொதிக்குது?"

"ஃபேன் சுத்தல."

"ஏன் சுத்தல?"

"கரண்டு போகல."

"ஏன் போகல?"

"வயர்ல எங்கயோ தொடர்பு விட்டிருக்கு."

அத்தனையும் சத்தியம். பைபிளில் கை வைத்துச் சொல்லக்கூடிய சத்தியம். மாஸ்டர் பாதையோர நீர்வீழ்ச்சித் தண்ணீரை அள்ளி ஊற்றி, காரைத் திருப்பி, பள்ளத்தில் மெல்ல உருட்டிக்கொண்டு வீடு வந்தார். மதியம் சுடச்சுடச் சாப்பிட்டுத் தூங்கினார். செய்த பாவத்தைச் சுவாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது மட்டும் கொஞ்சம் குழம்பினார். கார் கொதித்ததைப் பாவத்தில் சேர்ப்பதா? சுவாமியார் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர், விவரம் கேட்பார். விட்டுவிட்டார்.

இரண்டாவது தடவை கொதித்ததுதான் வினையாயிற்று. அன்றைக்குச் சுகிர்தத்தின் தங்கை தெரேசாவைப் பேசி முடிக்க ஹட்டனிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். அப்பா இல்லாத வீடு. மூத்த மருமகன், அதுவும் பட்டதாரி, வந்து உட்கார்ந்து ஒரு வார்த்தை சொன்னால்தான் பேச்சு முடியும். அவர்கள் காத்திருந்தார்கள், காத்திருந்து எழும்பிப் போனார்கள். போகும்போது, "மூத்த மருமகனுக்கே விருப்பமில்லாத எடம் போல" என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். இன்னொரு தடவைதான் வருவார்களாம். அதற்கும் அவர் இல்லையென்றால் நாவலப்பிட்டியில் வேறு பெண் இருக்கிறதாம்.

"கேட்டீங்களா?" என்றாள் சுகிர்தம். "தெரேசா ரெண்டு நாளாச் சாப்பிடலையாம்."

மாஸ்டருக்கு உண்மையாகவே சங்கடமாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் வந்தால் தோட்டமே கூடும், தோட்டமே கூடினால் பாரங்களும் கூடும் என்றுதான் அவர் நினைத்திருந்தார். இப்படி ஆகும் என்று நினைக்கவில்லை.

"அடுத்த தடவை கட்டாயம் போவோம். நாள் குறிச்சதும் சொல்லு."

"கார் கொதிச்சா?"

"கொதிக்காது."

"எப்படிங்க அவ்வளவு நிச்சயமாச் சொல்றீங்க?"

மாஸ்டர் இருமினார்.

சுகிர்தம் அவருடைய காதைப் பார்த்தாள். "ஒண்ணு கவனிச்சீங்களா? மேடு வந்தா உங்களுக்கு முழங்கால் அரிக்குது. குளிருக்கா இருக்கும். தேங்காயெண்ணெய் தடவி விடவா?"

தடவியும் விட்டாள். வலது முழங்காலுக்கு மட்டும்.

ஏப்ரல் வந்தது. நுவரெலியாவில் சீசன். மலைப்பாதையில் கார்ப் பந்தயம். வருஷம் முழுக்க மாஸ்டர் காத்திருப்பது அந்த ஒரு நாளுக்குத்தான். ஆனால் நுவரெலியாவுக்குப் போகும் பாதை மாமியாரின் லயத்தை உரசிக்கொண்டு போகிறது. மனைவியை விட்டுவிட்டுப் போகவும் வழியில்லை. கூட்டிக்கொண்டு போனால் அங்கே இறங்காமல் தாண்டவும் வழியில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நேரா நுவரெலியா போயிருவோம் சுகிர்தம். அம்மா வீட்டுல எறங்கினா பந்தயம் முடிஞ்சிரும். திரும்பி வாறப்ப எட்டிப் பார்ப்போமே?"

"சரிங்க," என்றாள் சுகிர்தம்.

மாஸ்டர் திகைத்துப்போனார். கலியாணமாகி இத்தனை காலத்தில் முதல் தடவையாக ஒரே சொல்லில் ஒரு 'சரி'. அப்போதே யோசித்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் யோசிக்கவில்லை.

காரை எண்ணெய் பார்த்துக் கழுவ அழகுமுத்து பாஸிடம் விட்டார். அன்று பின்னேரம் சுகிர்தம் வெறுங்கூடையோடு வீட்டுக்கு வந்தாள்.

"பாஸு வீட்டுக்கு ஈஸ்டர் கேக்கு கொண்டு போய்க் குடுத்தேங்க. நம்ம காருக்காக எவ்வளவு பாடுபடுறாரு, பாவம்!"

மனைவிக்குக் காரின் மேல் அக்கறை வந்துவிட்டதே என்று மாஸ்டருக்குக் கண் கலங்கியது.

ஞாயிறு காலை முதல் பூசை கண்டுவிட்டுக் கிளம்பினார்கள். சுகிர்தம் கூறைச்சேலை உடுத்தியிருந்தாள்.

"கார்ப் பந்தயத்துக்கு எதுக்குக் கூறைச்சேலை?"

"சீசனுக்குக் கொழும்பு ஆளுங்கெல்லாம் வருவாங்க. நாம மட்டும் ஏன் குறைஞ்சு நிக்கணும்? நீங்களும் அந்தக் கோட்டைப் போடுங்க. டையும் கட்டுங்க."

"கோட்டா?"

"நுவரெலியா குளிருங்க."

போட்டார். கட்டினார். பின்சீட்டில் ஒரு பெரிய பையும் ஏறியது. என்ன என்று கேட்டார். "வழிக்கு" என்றாள். அதுவும் சரிதான் என்று பட்டது.

இறம்பொடை ஏற்றம் தொடங்கியது. மாஸ்டரின் கை முழங்கால் பக்கம் போகவே இல்லை. ஃபேன் 'உய்ங்' என்று பாடியது. ஒஸ்டின் கிழவன் குமரன் மாதிரி ஏறினான்.

"ஏங்க, இந்தப் பந்தயக் காருங்கெல்லாம் கொதிக்காதா?" என்று கேட்டாள் சுகிர்தம்.

இப்படி ஒரு கேள்வியை அவள் கேட்பாள் என்று மாஸ்டர் கனவிலும் நினைத்ததில்லை. வகுப்பறைக் குரல் வந்துவிட்டது. ரேடியேட்டர் என்றால் என்ன, தண்ணீர் எந்தப் பக்கமாக ஏறி எந்தப் பக்கமாக இறங்குகிறது, காற்று எதற்கு, எல்லாவற்றையும் ஒரு கையால் ஓட்டி மறு கையால் விளக்கினார். சுகிர்தம் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். நடுவில் ஒரு தடவை கீழே குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள். "அப்புறம்?" என்றாள். மாஸ்டர் இன்னும் உரக்கச் சொல்லிக்கொண்டே போனார். 'உய்ங்' சத்தம் எப்போது நின்றது என்று அவருக்குத் தெரியாது.

இரண்டு வளைவு தாண்டியது. வெள்ளை வெளேரென்று ஆவி.

"கொதிச்சிருச்சாங்க?"

மாஸ்டர் ஓரம் கட்டினார். முழங்காலுக்கு அடியில் கை விட்டுப் பார்த்தார். சுவிட்ச் போட்டபடியே இருந்தது. அணைத்தார், போட்டார். மறுபடி அணைத்தார், போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. இறங்கிப் பொனட்டைத் திறந்தார். ஃபேன் அசையாமல் நின்றது.

"இன்னைக்குப் பார்த்தா! பந்தயம் தொடங்கப்போகுது! இந்தக் காரை நான் என்னதான் செய்யிறது!" என்று வானத்தைப் பார்த்துக் கத்தினார்.

"கோபப்படாதீங்க. வயர்ல எங்கயாவது தொடர்பு விட்டிருக்கும்," என்றாள் சுகிர்தம், சீட்டை விட்டு இறங்காமலே.

மாஸ்டர் வயரைத் தேடிப் பிடித்தார். அவர் வாங்கிக்கொடுத்தது சிவப்பு வயர். அதை நடுவில் வெட்டி ஒரு நீல வயர் ஒட்டியிருந்தது. புத்தம் புதியது. விரலால் தடவிக்கொண்டே போனார். அது எஞ்சினைத் தாண்டி, தகரத்துத் துளையில் நுழைந்து, காருக்குள்ளே இடதுபக்கம் போனது. மாஸ்டரும் சுற்றிக்கொண்டு இடதுபக்கம் வந்தார். கதவைத் திறந்து குனிந்தார். கூறைச்சேலைக் கரைக்குப் பக்கத்தில், சீட்டின் அடியில், வீட்டில் லைட் போடுகிற மாதிரி ஒரு வட்டச் சுவிட்ச். அணைத்திருந்தது.

"என்னங்க தேடுறீங்க?"

"ஒண்ணுமில்ல... ஒரு சுவிட்ச்..."

"எந்த சுவிட்ச்சுங்க?"

மாஸ்டர் வாயைத் திறந்தார். இந்தச் சுவிட்ச்சைப் பற்றிக் கேட்க வேண்டுமென்றால் அந்தச் சுவிட்ச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொய் சொல்லவும் வராது. இரண்டு காதும் சுடச் சுட, வாயை மூடிக்கொண்டார்.

ஆவி கலைந்து, நிமிர்ந்து பார்த்தபோதுதான் கார் எங்கே நிற்கிறது என்பது தெரிந்தது. மாமியாரின் லயத்து வாசல். வாசலில் வேன் ஒன்று, ஹட்டன் பெயர் எழுதியது. அதற்குப் பின்னால் வேலாயிக் கிழவி, கையில் மூன்று காகிதத்தோடு. சுகிர்தம் பின்சீட்டுப் பையைத் திறந்து வெற்றிலைத் தட்டை எடுத்து, அவருடைய டையையும் ஒரு தடவை நேராக்கிவிட்டாள்.

அந்தோனியம்மா வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார்.

"என்ன மாப்பிள்ளை இப்படிச் சுணங்கிட்டீங்க? சம்பந்தி வீட்டு ஆளுங்க வந்து எம்புட்டு நேரமாச்சு! தேத்தண்ணி நேரத்துக்கே கார் இங்க வந்து கொதிச்சிரும்னுதானே சுகிர்தம் சொல்லி அனுப்பினா?"